கவனிக்கலை, அத்தை

அத்தியாயம் 11

"சார், சிரிக்காதீங்க. பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது."

அவர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோதுதான் பட்டாணியின் அம்மாவுக்குப் போன் வந்தது. நாத்தனார். பள்ளிக்கூட நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூடியோவின் கறுப்புத் திரைக்குப் பின்னால் போனாள்.

"அண்ணி, உடனே ஸ்கூலுக்கு வாங்க. பட்டாணிக்கு ஒண்ணும் ஆகலை. முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான்."

"அப்புறம் என்னம்மா?"

"இன்னொரு பொண்ணு விழுந்துட்டா. கை உடைஞ்சிருக்கு போல. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம்."

எந்தப் பெண் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. 

"மேடம், இன்னும் எவ்வளவு நேரம் நான் இப்படியே முறைச்சிட்டு இருக்கணும்?" என்றார் வெளியே இருந்தவர்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்து சொன்ன சேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டாணி படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே அவள் பி.டி. டீச்சர். பட்டாணியின் வகுப்பில் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பெண் இருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அந்தப் பெயரைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். இத்தனை வருஷமாக விளையாட்டுப் பீரியட் வந்தால் ரேடியோவை லைப்ரரியில் உட்கார வைத்துவிடுவது வழக்கம். இந்த வருஷம் நாத்தனார் எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து அதை மாற்றினாள். உள்ளே மணி வைத்த பந்து வாங்கினாள். ஓடுவதற்கு ஒரு வழி கற்றுக்கொண்டு வந்தாள். சின்னத் துணி வளையம் ஒன்றை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கண் தெரிந்தவள் வழி சொல்ல வேண்டும்.

"கூட ஓடறதுக்கு யாரைப் போட்டிருக்கேன் தெரியுமா அண்ணி? நம்ம பட்டாணியைத்தான்! பந்துன்னா தூங்கி வழியறா. ஆனா ஓட விட்டாக் காத்து மாதிரி போறாளே!"

அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. பட்டாணி கதவோரம் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனையோ தரம் திரும்ப விழுங்கப் பார்த்தாள். உள்ளே போகவில்லை.

பட்டாணியின் கண்ணைப் பற்றி வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும். போன வருஷம் டாக்டர் விளக்கிச் சொன்னார். நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிதான். இருட்டிவிட்டால் அதுவும் இல்லை. கண்ணாடி போட்டுச் சரியாகிற சமாச்சாரம் அல்ல.

"ஸ்கூல்ல தெரிஞ்சா அந்தப் பொண்ணு மாதிரி இவளையும் தூக்கி லைப்ரரில உக்கார வெச்சிடுவாங்க" என்றார் அப்பா. "தங்கச்சிகிட்டகூடச் சொல்லாதே. அவளுக்கு வாயில எதுவும் தங்காது."

அம்மாவும் அதையே காரணமாக வைத்துக்கொண்டாள். ஆனால் அது பாதிதான். "யார் வழியில வந்தது இது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்பும் என்ற பயம் மீதிப் பாதி. அந்தப் பாதியை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

பட்டாணிக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே வரிதான். பந்தை விட்டாலோ யார் மேலாவது இடித்தாலோ, "கவனிக்கலை"ன்னு சொல்லிடு. திட்டு விழும். வாங்கிக்கோ.

குழந்தை ஒரு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தது.

*

விளையாட்டுச் சாமான் அறையில் ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து அடித்தன. சுருட்டி வைத்த பாயின் மேல் பட்டாணி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

நாத்தனார் கதவைச் சாத்தினாள். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம பதில் சொல்லுங்க."

"கேளும்மா."

"கோடு போடற சுண்ணாம்பு வண்டி திருப்பத்துல ஓரமா நின்னுது. ரேடியோ வலப்பக்கம் ஓடினா. இவ இடப்பக்கம். நேராக் கூட்டிட்டுப் போய் அவளை அந்த வண்டி மேல விட்டா. எனக்கு வந்த கோபத்துல, மொத்த கிளாஸும் பாத்துட்டு நிக்கறப்போ, 'கண்ணு தெரியலையா உனக்கு?'ன்னு கத்திட்டேன்."

அம்மா பட்டாணியின் முட்டியைப் பார்த்தாள்.

"எப்பவும் 'கவனிக்கலை அத்தை'ன்னு சொல்லுவா. இன்னிக்கு 'ஆமா அத்தை, தெரியலை'ன்னா." நாத்தனாரின் குரல் உடைந்தது. "திமிரா சொல்றான்னு நினைச்சு அடிக்கக் கையை ஓங்கிட்டேன் அண்ணி. பக்கவாட்டுல ஓங்கினேன். அவ அசையவே இல்லை. கை வர்றதே அவளுக்குத் தெரியலை."

அறையில் எங்கோ ஒரு பந்திலிருந்து காற்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"நிஜமா அண்ணி?"

"நிஜம்தான்."

"எப்போலேர்ந்து?"

"தெரிஞ்சு ஒரு வருஷம் ஆகுது."

நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டாள். "பந்தை விட்டதுக்கு இவளை கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டிருக்கேன். பகல் கனவு காண்றவன்னு பேர் வெச்சேன், கிளாஸே சிரிச்சுது. ஒருநாள் தூக்கம் கலையட்டும்னு பக்கத்துலேர்ந்து மூஞ்சியில பந்தை எறிஞ்சேன். இதெல்லாம் நான் யார்கிட்டப் போய்ச் சொல்லி அழுவேன்?" திரும்பி அண்ணியைப் பார்த்தாள். "சரி, அது எனக்குத் தெரியாம நடந்தது. ஞாயித்துக்கிழமை நீங்க அங்கேதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"'ரொம்ப சந்தோஷம்'னீங்க."

"சொன்னேன்."

"ஒரு வார்த்தை அண்ணி. 'இவ வேண்டாம், வேற யாரையாவது போடு'ன்னு. காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம்."

அம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையில் கிடந்த துணி வளையத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹெச்.எம். என்ன சொல்றாங்க?" என்றாள் கடைசியில்.

"கண்ணு தெரியாத பொண்ணை ஓட விட்டா இப்படித்தான் ஆகும்னு சொல்லிட்டாங்க. இனிமே அந்தப் பீரியட்ல ரேடியோ பழையபடி லைப்ரரி. நாளைக்குப் பேரண்ட்ஸைக் கூப்பிட்டு அதைச் சொல்லப் போறாங்க."

"அவ மேல என்ன தப்பு?"

"ஒண்ணும் இல்லை. அது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். ஹெச்.எம்.கிட்ட நான் சொல்லிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனா சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஒரு தடவை அவ கண்ணை நான் ஊருக்கு முன்னாடி ஏலம் போட்டாச்சு. இன்னொரு தடவை என் வாயால ஆகாது. உங்க பொண்ணு. நீங்க சொல்லுங்க."

பம்பை எடுத்து ஒரு பந்துக்குக் காற்றடிக்கத் தொடங்கினாள். அந்தப் பந்து ஏற்கெனவே கல் மாதிரி இருந்தது.

*

பட்டாணியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அம்மா கணவனுக்குப் போன் போட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"யார்கிட்டேயும் வாயைத் திறக்காதே. போய்ப் பாத்துட்டு, பழம் வாங்கிக் குடுத்துட்டு வந்துடு. மீதியை நான் வந்து பேசிக்கறேன்."

பழம் வாங்கினாள். பை கனத்தது.

எலும்பு வார்டை நெருங்கும்போதே பேச்சுக் குரல் கேட்டது. "மாவுக்கட்டுன்னு சொல்றீங்க, இதுல மாவே இல்லையே சிஸ்டர். இது காய்ஞ்சதும் நான் யாரையாவது அடிச்சா வலிக்குமா? எனக்கில்லை, அவங்களுக்கு."

ரேடியோவின் பக்கத்தில் அவள் அம்மா நின்றிருந்தாள். பஸ் கண்டக்டர். டியூட்டியிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்கிறாள். காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் மெஷின். பட்டாணியின் அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? பாப்பா, உனக்கும் அடிபட்டிருக்கே, வலிக்குதா?" பட்டாணியின் தலையைத் தடவினாள். "எல்லாம் இவளாலதான். மெதுவா ஓடுடின்னா கேக்க மாட்டா. உங்க பொண்ணைப் போட்டு இழுத்திருப்பா, அது பாவம் பயந்துபோயிருக்கும். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

கையொடிந்த பெண்ணின் தாய் தன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. பழப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். அது சரிந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"யாரு, பட்டாணியா?" என்றாள் ரேடியோ. "கிட்ட வா. நீ எதுக்குடி என்னை வண்டி மேல கொண்டுபோய் விட்டே?"

"ஏய், சும்மா இரு" என்றாள் கண்டக்டர்.

"நான் சும்மாதான் கேக்கறேன். இத்தனை பெரிய வண்டி. நான் விழுந்தா சரி, அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

பட்டாணி கட்டிலருகே போனாள். "எனக்கு உன் பக்கம் தெரியலை."

"தெரியலைன்னா?"

"தெரியாது. ரெண்டு பக்கமும் தெரியாது. நேரா மட்டும்தான் தெரியும்."

ரேடியோ முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டே?"

பட்டாணி திரும்பி அம்மாவைத் தேடினாள். அம்மா கொஞ்சம் தள்ளி, ஓரமாக நின்றிருந்தாள். பட்டாணியின் பார்வை அவளைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து கண்டுபிடித்தது. அந்தத் தேடலைக் கண்டக்டரும் பார்த்தாள்.

"நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். இவளைத்தான் கூட ஓட விடப் போறாங்கன்னும் தெரியும். பேசாம இருந்துட்டேன்."

கண்டக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"என் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு தெரிஞ்சும், இல்லையா?"

"ஆமா."

"அப்போ, உங்க பொண்ணுக்குக் கண்ணு தெரியலைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிடக் கூடாது. அதுக்காக என் பொண்ணு விழுந்தாப் பரவாயில்லை."

அப்படி அவள் நினைத்ததில்லைதான். ஆனால் நடந்தது அச்சு அசலாக அதுவேதான்.

"கை கூடிடும்" என்றாள் கண்டக்டர். குரலில் சூடே இல்லை. "அது எனக்குப் பெருசில்லை. ஓட ஆரம்பிச்சதிலேர்ந்து இவ காலைல எழுப்பறதுக்கு முன்னாடி எழுந்திருக்கறா. ஷூவைத் தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறா. இனி ஸ்கூல்ல பழையபடி உக்கார வெச்சிடுவாங்க. லைப்ரரிக்குப் போடீன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதையும் நீங்களே வந்து சொல்லிட்டுப் போயிடுங்களேன்."

"லைப்ரரியா?" ரேடியோ எழுந்து உட்காரப் பார்த்தாள். "யாரு சொன்னாங்க? நான் போக மாட்டேன். விரலால படிக்கற புஸ்தகம் அங்கே மூணுதான் இருக்கு, மூணும் எனக்கு மனப்பாடம். ஆன்ட்டி, நீங்க ஹெச்.எம்.கிட்டச் சொல்லுங்க, நான் விழுந்தது கண்ணு தெரியாம இல்லை, பட்டாணிக்குக் கண்ணு தெரியாமன்னு. சொல்லுவீங்களா?"

"ஆன்ட்டி கிளம்பட்டும். நீ படு" என்றாள் கண்டக்டர். பழப்பையை எடுத்துப் பட்டாணியின் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இதைக் கொண்டு போ கண்ணு. மனசுல வெச்சுக்காதே. உன் மேல கோபமில்லை."

யார் மேல் என்பதை அவள் சொல்லவில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் பட்டாணி சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள். அம்மா பழங்களைப் பாத்திரத்தில் எடுத்து வைத்தாள். அப்புறம் அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் அலமாரிக்குள் தள்ளினாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. ஹெச்.எம்.

"உங்க நாத்தனார் அங்கே வந்திருக்காங்களா?"

"இல்லையே மேடம்."

"சாயந்திரம் என் ரூமுக்கு வந்தாங்க. வண்டியை ட்ராக்ல விட்டது, பாக்காம ஓட விட்டது, எல்லாம் தன்னோட தப்புன்னாங்க. வேலையை விடறேன்னாங்க. பேரண்ட்ஸ்ல சில பேர் ஏற்கெனவே என்னைப் பிடிபிடின்னு பிடிக்கறாங்க. நானும் அந்தச் சூட்டுல சரின்னுட்டேன். இப்போ போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறாங்க."

அம்மா நடுக்கூடத்தில் நின்றாள். கணவர் இன்னும் வரவில்லை. வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார்.

"மேடம், தப்பு அவ மேல இல்லை."

"வேற யார் மேல?"

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயத்தைச் சொல்ல அவளிடம் வார்த்தைகளே தயாராக இல்லை. திக்கித் திணறி, முன்னுக்குப் பின் மாற்றி, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை உட்பட.



"இதை நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"அப்படின்னா அந்தப் பொண்ணை லைப்ரரில உக்கார வைக்கறதுல அர்த்தமில்லை. ஆனா உங்க நாத்தனார் இல்லாம அந்த ரெண்டு குழந்தைகளையும் ஓட வைக்க என்கிட்ட வேற ஆள் இல்லை. முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துத் திரும்பினால், ஸ்பீக்கரில் வந்த பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு, பட்டாணி வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன்."

"இருட்டுதுடி."

"அத்தை என் மேல கோவத்துலதானே வேலையை விடறாங்க? நான் வந்தாத்தான் நிப்பாங்க."

நாத்தனார் வாடகைக்கு இருக்கும் மாடி அறை இரண்டு தெரு தள்ளி. இருட்டியபின் வெளியே போக நேர்ந்தால் பட்டாணி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்குச் செல்லம் கொஞ்சுகிற மாதிரி இருக்கும். அதையும் அம்மாதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இன்று அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

தெருமுனையில் தையற்கடைக்காரர் கடையை மூடிக்கொண்டிருந்தார். "என்னம்மா, பொண்ணு உங்க தோளுக்கு வந்துட்டா, இன்னும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க?"

வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போவாள். "இருட்டினா அவளுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றாள்.

காது மடல் சூடாகிவிட்டது. தையற்காரர் கையில் பூட்டோடு அப்படியே நின்றார். "அப்படியா? தெரியாதும்மா" என்றார். பட்டாணியின் விரல்கள் அம்மாவின் உள்ளங்கைக்குள் ஒரு தரம் இறுகித் தளர்ந்தன.

மாடி அறை பூட்டியிருந்தது. கீழே வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தான் பெட்டியோட கிளம்பினாங்க. பஸ் ஸ்டாண்டுக்குன்னாங்க. சாவியைக் குடுத்துட்டாங்க, எப்போ வருவீங்கன்னு கேட்டேன், தெரியலைன்னுட்டாங்க. என்ன, ஏதாவது சண்டையா?"

பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிருந்து கடைத்தெரு வழியாகப் போக வேண்டும். ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை.

"அம்மா, ஓடினாப் பிடிச்சிடலாம்" என்றாள் பட்டாணி.

"இந்த இருட்டுலயா?"

"நீதான் கண்ணு தெரியறவ. நீ சொல்லு. நான் ஓடறேன்."

அம்மா கடைசியாக எப்போது ஓடினாள் என்று அவளுக்கே நினைவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகினாள். கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது, செருப்பு வழுக்கியது. "கல்லு, கல்லு, கொஞ்சம் என் பக்கம் வா... படி... ஒரு சைக்கிள் நிக்குது, ஒதுங்கு..."

கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போட்டோ ஸ்டூடியோ அம்மா தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எதெல்லாம் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே ஓடுகிறாள். தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. நாளை மீட்டிங்குக்கு வரப்போகிற முகங்களும் இருந்தன. கூச்சத்தில் அவள் முகம் எரிந்தது. குரலை மட்டும் தாழ்த்தவில்லை.

"மெதுவாச் சொல்லாதே, முன்னாடியே சொல்லு!" என்றாள் பட்டாணி, ஓடிக்கொண்டே. "பக்கத்துல வந்தப்புறம் சொன்னா நான் எப்படித் திரும்பறது?"

"சரி, சரி. இதோ வளைவு வருது. வலப்பக்கம்."

வளைந்தார்கள். பஸ் ஸ்டாண்டின் விளக்குகள் தெரிந்தன. ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதன் படிக்கட்டில் பெட்டியோடு யாரோ ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அத்தையா?" என்றாள் பட்டாணி.

"தெரியலைடி. முதுகுதான் தெரியுது. ஓடு!"